டாக்டர் வருவது ஒரு நாள், நீங்கள் தினமும்

புதிதாக ஆணை வாங்கி அரசுப் பள்ளிக்குள் காலெடுத்து வைத்திருக்கும் டீச்சர்களுக்கும் சார்களுக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருத்தி எழுதுவது. பாடம் நடத்துவதற்கு உங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். எமிஸ் இணையதளத்தில் பிள்ளைகளின் விவரம் ஏற்றுவதற்கும் ஆள் வந்து சொல்லித் தருவார். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி மட்டும் யாரும் உங்களோடு உட்கார்ந்து பேசப் போவதில்லை. கைகழுவும் தினம், குடற்புழு நீக்க நாள், போதை எதிர்ப்புப் பேரணி என்று சுற்றறிக்கைகள் வரும். நடத்திப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். ஆர்.பி.எஸ்.கே. நடமாடும் மருத்துவக் குழு ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு ஒரு முறை வரும். மீதி நாளெல்லாம் அந்தப் பிள்ளையைப் பார்க்கிற படித்த ஆள் நீங்கள்தான். வைத்தியம் பார்க்க உங்களுக்குத் தெரியாது, பார்க்கவும் கூடாது. கண்ணில் பட்டதை உரிய இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை விடாமல் இருந்தால் போதும். அதற்குத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

1. தலையைக் குனிந்துகொண்டு வருகை எடுக்காதீர்கள். பெயரைக் கூப்பிட்டதும் நிமிர்ந்து முகத்தைப் பாருங்கள். இரண்டு மாதம் இப்படிப் பார்த்தால் எந்தப் பிள்ளை எப்போதும் இருப்பதைவிட வாடியிருக்கிறது என்று தானாகவே தெரியும். இரத்தசோகை உள்ள பிள்ளை நோயாளி மாதிரி படுத்துக் கிடக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், இரண்டாம் பீரியடிலேயே தூங்கி விழும், சாக்பீஸையும் சிலேட்டுக் குச்சியையும் கடித்துத் தின்னும். கீழ் இமையை லேசாக இறக்கிப் பார்த்தால் உள்ளே சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறிக் கிடக்கும். நாக்கும் நகமும் அப்படித்தான். "சோம்பேறி" என்று நாம் பெயர் வைத்துவிட்ட பிள்ளைகளை ஒரு தடவை இப்படிப் பார்த்துவிடுங்கள். அந்தப் பெயரை வைத்ததற்காக நாமே வெட்கப்படும்படி இருக்கும்.

2. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுகிறவனைக் காப்பி அடிக்கிறான் என்று எழுப்பி நிறுத்துவதற்கு முன் கண்ணைச் சோதியுங்கள். கரும்பலகை தெரியாதவன் வேறு எதைப் பார்த்து எழுதுவான்? கண் பரிசோதனை அட்டை உங்கள் பள்ளியிலேயே எங்காவது பீரோவுக்கு மேல் இருக்கும். சுவரில் மாட்டி, 6 மீட்டர் அளந்து தரையில் கோடு போட்டு, ஒரு கண்ணைப் பொத்தி ஒவ்வொரு கண்ணாகப் பார்க்க வேண்டும். பொத்துகிற கையால் கண்ணை அழுத்தக் கூடாது, விரலிடுக்கில் எட்டிப் பார்க்கவும் விடக் கூடாது. பார்வை குறைவாக இருந்தால் 'கண்ணொளி காப்போம்' திட்டத்தில் கண்ணாடி இலவசமாகவே கிடைக்கும். 2009-லிருந்து நடக்கிற திட்டம்.

கண்ணாடி வாங்கிக் கொடுப்பது எளிது, அதைப் பிள்ளை போட்டுக்கொள்ள வைப்பதுதான் பெரும்பாடு. "சோடாபுட்டி" என்று வகுப்பில் ஒருவன் கூப்பிட்டால் மறுநாளிலிருந்து அந்தக் கண்ணாடி பைக்குள் போய்விடும். பெண் பிள்ளையாக இருந்தால் வீட்டிலேயே கழற்றச் சொல்வார்கள். "கண்ணாடி போட்ட பெண்ணை எவன் கட்டுவான் டீச்சர்?" என்று என்னிடமே கேட்ட தாய்மார் உண்டு. அப்படிப்பட்ட பெற்றோரிடம் கண் மருத்துவம் பேசிப் பயனில்லை. மகளின் கணக்கு நோட்டை எடுத்து, கண்ணாடிக்கு முன்னால் எழுதின பக்கத்தையும் பின்னால் எழுதின பக்கத்தையும் அருகருகே வைத்துக் காட்டுங்கள். நான் பார்த்தவரை அதற்கு மேல் எதிர்ப்பேச்சு வந்ததில்லை.

காதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். சளி பிடித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைக்குப் பாதிப் பாடம் காதில் விழாது. கவனமில்லை என்று கடைசி வரிசைக்கு அனுப்பினால் மீதிப் பாதியும் போகும். ஊர் வழக்கப்படி எண்ணெய் காய்ச்சி ஊற்றுவார்கள். வேண்டாம் என்று சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்புங்கள்.

3. மருத்துவக் குழு எழுதிக் கொடுக்கிற பரிந்துரைச் சீட்டு பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸுக்குள் மடிந்து கிடக்கும். இதயத்தில் ஓட்டை, பிறவிக் குறைபாடு, பேச்சுக் குறைபாடு என்று எழுதி மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லியிருப்பார்கள். அடுத்த ஆண்டு அதே குழு வந்து அதே பிள்ளையைப் பார்த்து அதே சீட்டை எழுதும். அலட்சியமான பெற்றோர் என்று நாம் சொல்லிவிடுகிறோம். செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனால் இரண்டு பேருக்கும் அன்றைய கூலி போகும், பஸ் செலவு தனி, எந்த அறைக்குப் போவது என்றும் தெரியாது. ஒரு தரம் போய் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டுத் திரும்பியவர் மறுபடி போவாரா?

அதனால் சீட்டைப் பிள்ளையின் கையில் கொடுக்காமல் பெற்றோரை அழைத்துக் கொடுங்கள். கிராம சுகாதார செவிலியரின் எண்ணை உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் கிழமை எந்த டாக்டர் இருப்பார், எந்தக் கட்டடம், ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை இதில் எதெது வேண்டும் என்பதை அவரிடம் கேட்டு ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெற்றோரிடம் கொடுங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கு வேலை குறைவான பருவம் என்று ஒன்று உண்டு. நடவும் அறுப்பும் நடக்கும்போது கூப்பிட்டுவிட்டு வரவில்லை என்று குறைப்படாதீர்கள். அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை என்பதை ஒருமுறைக்கு நாலுமுறை சொல்லுங்கள். முதல்முறை சொல்லும்போது நம்ப மாட்டார்கள்.

4. காலையில் என்ன சாப்பிட்டாய் என்று வகுப்பில் எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். பொய்தான் பதிலாக வரும். இட்லி, தோசை, பூரி என்று அடுக்குவார்கள். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் அடுத்த ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ, சாம்பாரோடு சுடச்சுடக் கிடைக்கிறது. ஆனால் அது 1 முதல் 5 வரை. ஐந்தாம் வகுப்பு வரை காலையில் சாப்பிட்டுப் பழகிய பிள்ளை ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போனதும் பசியோடு உட்காரும். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளில் சேர்ந்திருப்பவர்கள் பிரேயரில் மயங்கி விழுகிற பிள்ளையைப் பார்த்ததும் முதலில் இதை நினைக்க வேண்டும். நீண்ட பிரேயர் எதற்கு என்று தலைமையாசிரியரிடம் பணிவாகவே கேளுங்கள். தலைவர்கள் பிறந்தநாள் அன்று நாலு பேர் பேசித் தீர்ப்பதை நிழலில் உட்கார்ந்து கேட்டால் என்ன குறைந்துவிடும்?

மதியச் சத்துணவு விஷயத்தில் நான் கறாராகச் சொல்வது ஒன்று உண்டு. வாரத்தில் ஒரு நாளாவது தட்டெடுத்துப் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மேற்பார்வையிடுவதும் ருசி பார்ப்பதும் போதாது, வயிறாரச் சாப்பிட வேண்டும். அரிசி வெந்ததா, முட்டை ஆளுக்கொன்று வந்ததா, கடைசி வரிசைக்குக் குழம்பு எட்டியதா என்பது நோட்டில் கையெழுத்துப் போட்டால் தெரியாது. இன்னொரு காரணமும் இருக்கிறது. காலை உணவு சமைப்பவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்பதற்காகப் பிள்ளைகளைச் சாப்பிட விடாமல் பெற்றோர் தடுத்ததாக 2023-இல் தூத்துக்குடி, கரூர் மாவட்டங்களிலிருந்து செய்தி வந்தது. அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதாயிற்று. டீச்சர் நாள்தோறும் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிடுகிற பள்ளியில் இந்தப் பேச்சு எடுபடுவது கஷ்டம். டீச்சரே வீட்டிலிருந்து கேரியர் கொண்டுவந்து ஸ்டாஃப் ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டால், பிள்ளைகள் அதிலிருந்து எதைக் கற்றுக்கொள்வார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

5. வாராந்திர இரும்புச்சத்து மாத்திரையை உங்கள் கண் முன்னால், சாப்பாட்டுக்குப் பிறகு, ஒவ்வொருவராக விழுங்க வையுங்கள். வளரிளம் பருவத்தினருக்கான நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் அடுத்த பெஞ்சில் நாலு பிள்ளைக்குத் தலை சுற்றும், அரை மணியில் ஊரே வாசலில் நிற்கும். முந்தின நாளே சொல்லிவிடுங்கள்: மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம்; மாத்திரை போட்டதும் டீ, காபி குடிக்க வேண்டாம்.

அட்டையோடு தூக்கிக் கொடுத்து "வீட்டில் போட்டுக்கொள்" என்று அனுப்பாதீர்கள். லீடர் பிள்ளையிடம் கொடுத்து விநியோகிக்கவும் சொல்லாதீர்கள். 2023 மார்ச்சில் ஊட்டியில், யார் அதிகம் தின்பது என்று பள்ளிப் பிள்ளைகள் போட்டி போட்டு இந்த மாத்திரைகளை விழுங்கியதில் ஒரு சிறுமி இறந்துபோனாள். மருந்து நல்ல மருந்துதான். அளவு மீறினால் இரும்பு ஈரலைக் கெடுத்துவிடும். பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை வந்தது, எத்தனை கொடுத்தது, எத்தனை மீதி என்று ஒரு நோட்டில் இருக்கட்டும்.

பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் கொடுக்கிற குடற்புழு மாத்திரையை, 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், கடித்து மென்றுதான் தின்ன வேண்டும். புழு வயிற்றில் இருக்கிறவரை நீல மாத்திரை பாதி வீண். செருப்பில்லாமல் கொல்லைக்குப் போகிற பிள்ளைக்குக் கொக்கிப்புழு பாதம் வழியாகவே ஏறிவிடும்.

6. கழிப்பறைக்குள் நீங்கள் போய்ப் பாருங்கள். வெளியில் நின்று எட்டிப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பள்ளியின் ஆரோக்கியத்தை அளக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் அது ஒன்றுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். தாழ்ப்பாள் இருக்கிறதா? ஆணி அடித்து மாட்டிய கம்பி தாழ்ப்பாள் ஆகாது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறதா, வாளியும் மக்கும் இருக்கிறதா? மழை இருட்டில் உள்ளே வெளிச்சம் உண்டா? பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குப் போகிற வழியில் பெரிய பையன்கள் கூடி நிற்கிறார்களா? பல பள்ளிகளில் நல்ல கழிப்பறை ஒன்று பூட்டித்தான் இருக்கும், ஆசிரியர்களுக்கென்று. பிள்ளைகள் போகிற கழிப்பறையையே நீங்களும் பயன்படுத்தினால் அது ஒரு வாரத்தில் சுத்தமாகிவிடும், எந்தச் சுற்றறிக்கையும் தேவைப்படாது.

கழிப்பறை சரியில்லை என்றால் பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். காலை எட்டு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பிச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வீடு சேரும்வரை சிறுநீரை அடக்குவார்கள். தலைவலி, அடிவயிற்று வலி, நீர்க்கடுப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் அதன் பின்னால் வரும். 2019-இல் கேரளப் பள்ளிகளில் 'வாட்டர் பெல்' அடிக்கத் தொடங்கினார்கள். 2025-இல் அது நம் பள்ளிகளுக்கும் வந்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் தண்ணீர் குடிக்க மணி அடித்துவிட்டு, நடுப் பீரியடில் எழுந்து "பாத்ரூம் போகணும் டீச்சர்" என்கிற பிள்ளையை "இன்டர்வெல்லில் போகாமல் என்ன செய்தாய்?" என்று உட்கார வைத்தால் அந்த மணிக்கு அர்த்தமே இல்லை. போக விடுங்கள். ஏமாற்றிவிட்டுப் போகிறவர்கள் ரெண்டு பேர் இருப்பார்கள், போகட்டும்.

மாதவிலக்கைப் பற்றி ஆண் ஆசிரியர்களுக்குத் தனியாகச் சொல்கிறேன். 'புது யுகம்' திட்டத்து நாப்கின்கள் தலைமையாசிரியர் அறையில் பூட்டிக் கிடந்தால், ஆறாம் வகுப்புப் பெண் குழந்தை அங்கே வந்து கேட்காது. பெண்கள் கழிப்பறைக்குப் பக்கத்தில், கேட்காமலே எடுத்துக்கொள்ளும்படி வையுங்கள். மூடி போட்ட குப்பைத் தொட்டி கட்டாயம் வேண்டும். பெண் ஆசிரியரே இல்லாத பள்ளியாக இருந்தால் சத்துணவு அமைப்பாளர் அம்மாவையோ அங்கன்வாடி டீச்சரையோ பொறுப்பாக்கி, "இவர்களிடம் கேளுங்கள்" என்று வகுப்பில் எல்லோருக்கும் சாதாரணமாகச் சொல்லிவிடுங்கள். யூனிஃபார்மில் கறை பட்ட பிள்ளையைக் கண்டால் எழுந்து நிற்கச் சொல்லாதீர்கள், கேள்வி கேட்காதீர்கள், ஒரு தோழியைக் கூட அனுப்புங்கள்.

7. பி.இ.டி. பீரியடைக் கடன் வாங்காதீர்கள். வாங்கியவர் திருப்பிக் கொடுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஐந்திலிருந்து பதினேழு வயதுவரை நாளுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாம் வாரத்துக்கு இரண்டு பீரியட் கொடுத்து அதிலும் கணக்கு நடத்துகிறோம். எட்டாம் வகுப்புக்குப் பிறகு பெண் பிள்ளைகள் மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கென்று ஒரு பந்தும் மைதானத்தில் ஒரு பகுதியும் ஒதுக்கிக் கொடுங்கள்.

8. திடீர் ஆபத்து வந்தால் என்ன செய்யக் கூடாது என்பதை முதலில் படித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கூடுகிற கூட்டம் அதைத்தான் செய்யச் சொல்லும். வலிப்பு வந்த பிள்ளையின் கையில் சாவியைத் திணிக்காதீர்கள், வாயில் ஸ்பூனையோ துணியையோ வைக்காதீர்கள், கை கால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். சுற்றி இருக்கும் பெஞ்சை நகர்த்தி, தலைக்கடியில் எதையாவது மடித்து வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்துக்கு மேல் நீண்டால் 108. பெரும்பாலும் அதற்குள் நின்றுவிடும். நினைவு திரும்பும்போது பிள்ளை சிறுநீர் கழித்திருக்கலாம். சுற்றிக் கூட்டத்தை நிற்க விடாமல் அனுப்பிவிடுங்கள். பள்ளியில் எப்போதும் ரெண்டு செட் பழைய யூனிஃபார்ம் துவைத்து வைத்திருங்கள், அன்றைக்கு உதவும்.

நாய் கடித்தால், பிறாண்டியிருந்தாலும்கூட, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். ஊசிக்குப் பயந்து பிள்ளைகள் கடியை மறைப்பார்கள். ஆகவே, "முன்போல வயிற்றைச் சுற்றிப் போடுவதில்லை, கையில்தான் போடுவார்கள்" என்று சொல்லிவையுங்கள். முதல் ஊசியோடு நிறுத்திவிடுகிற குடும்பங்கள் அதிகம். அரசு மருத்துவமனையில் 0, 3, 7, 28 என்று நாள் கணக்கு எழுதித் தருவார்கள். அந்தத் தேதிகளை வகுப்பு நாட்காட்டியில் குறித்து நீங்களே ஞாபகப்படுத்துங்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அநேகமாக இல்லை. பாம்புக்கடி என்றால் கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும், கீறுவதும், உறிஞ்சுவதும் கூடாது. நடக்க விடாமல், கடிபட்ட கை காலை அசைய விடாமல் தூக்கிச் செல்லுங்கள், விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு.

9. பள்ளி வாசலில் உள்ள கடையை இருட்டிய பிறகு ஒரு நாள் வேடிக்கை பாருங்கள். கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்று 2003 சட்டம் சொல்கிறது. உதட்டுக்குள் ஒதுக்கி வைக்கிற 'கூல் லிப்' வந்தபிறகு வாசனையை வைத்துக் கண்டுபிடிப்பதும் கடினமாகிவிட்டது. பையனின் பையைக் கொட்டிக் கவிழ்ப்பதில் காட்டுகிற வேகத்தைக் கடைக்காரரிடம் காட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, குழுவில் இருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு போங்கள். தனியாகப் போக வேண்டாம். நீங்கள் வெளியூர், கடைக்காரர் உள்ளூர்.

10. மனசு விஷயத்தில் முதலில் நம் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தடை செய்கிறது. பிரம்பு போய்விட்டது, நாக்கு இருக்கிறது. மதிப்பெண்ணை உரக்க வாசித்து விடைத்தாள் கொடுப்பது, அப்பனின் தொழிலைச் சொல்லித் திட்டுவது, பெண் பிள்ளையின் நடத்தையை ஜாடையாகப் பேசுவது எல்லாம் நம் ஸ்டாஃப் ரூம்களில் இன்னும் சாதாரணம். உங்கள் சீனியர்களும் செய்வார்கள். அவர்களைத் திருத்த உங்களால் இப்போது முடியாது, அதைப் பழகாமல் இருக்க முடியும்.

நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை நிறுத்தினாலோ, தனக்குப் பிடித்த பொருளை எல்லாம் பிறருக்குக் கொடுத்தாலோ, "நான் இல்லாமல் போனால் நல்லது" என்று விளையாட்டாகச் சொன்னாலோ விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே அழைத்து, "உயிரை விடும் எண்ணம் வருகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. வருகிறது என்று சொன்னால் பெற்றோர் வரும்வரை பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் மனநல ஆலோசகர் பேசுவார், கட்டணம் இல்லை. அந்த எண்ணையும் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐயும் கழிப்பறைச் சுவரில் எழுதிப் போடுங்கள். நோட்டீஸ் போர்டு முன்னால் நின்று எந்தப் பிள்ளையும் எண் குறித்துக்கொள்ளாது.

பாலியல் சீண்டல் பற்றிப் பிள்ளை சொல்ல வந்தால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள். 2012 போக்சோ சட்டப்படி தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் அது குற்றம். சொன்னதைச் சொன்னபடி எழுதிக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். "பள்ளி பெயர் கெட்டுவிடும், பேசி முடித்துக்கொள்வோம்" என்று உங்களுக்கு மேலே இருப்பவர் சொன்னாலும் உங்கள் கடமை மாறாது. பிள்ளையின் பெயர் மட்டும் எக்காரணம் கொண்டும் வெளியே போகக் கூடாது, ஸ்டாஃப் ரூமுக்குக்கூட.

11. மாறுதல் ஆணை வந்ததும் விடைபெறும் விழாவுக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. யாருக்கு வலிப்பு மாத்திரை நடக்கிறது, யாருக்கு இழுப்பு வந்தால் இன்ஹேலர் பையின் எந்த அறையில் இருக்கும், யாருக்கு முட்டை ஒத்துக்கொள்ளாது, யாருக்குக் கண்ணாடி எண் மாற வேண்டிய மாதம் வந்துவிட்டது, எந்த அப்பா இரவு ஷிப்ட் முடிந்து பத்து மணிக்கு மேல்தான் போன் எடுப்பார் என்பதையெல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி, அடுத்து வருகிற ஆசிரியரின் கையில் நேரில் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பிள்ளைகளின் நோய் விவரம் குரூப் குரூப்பாகச் சுற்றும். அவர் இன்னும் வந்து சேரவில்லை என்றால் தலைமையாசிரியரிடம் ஒட்டிய கவரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.